வயிற்று வலிக்கு நான் போட்ட கோடுகள்

மடித்த பனியன் கசங்காமல் இருப்பதற்காக அதன் உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். ஒரு பக்கம் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். திருப்பூரில் அந்த அட்டைக்குப் பஞ்சமே கிடையாது. அளவு தவறி வெட்டிய அட்டைகளைக் கம்பெனிகளில் கட்டுக் கட்டாக மூலையில் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்து, நோயாளிகளுக்கு எழுதும் சீட்டாக மாற்றியவர் எங்கள் டாக்டரம்மா. வெள்ளைப் பக்கத்தில் மேலே பெயர், வயது, ஊர், வேலை. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து கட்டங்கள்: எரிச்சல், வலி, உப்புசம், குமட்டல், ஏப்பம். அந்தக் கட்டங்களுக்குள் கோடு போடுவது என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கும் புதுப் பனியனைப் பிரிக்கும்போது உள்ளிருந்து அந்த அட்டை நழுவி விழுந்தால் நான் அதைக் குனிந்து எடுப்பதில்லை. என் மனைவிதான் எடுத்துப் போடுவாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அந்தக் கிளினிக்கில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து சைக்கிளில் வருவேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. கையெழுத்து அழகாக இருந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா மெட்ராஸ்காரர். கணவருக்கு இங்கே உத்தியோகம் என்பதால் வந்தவர். வந்த ஆறே மாதத்தில் இந்த ஊரின் நோய் வயிற்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீ, பதினோரு மணிக்கு டீயும் பன்னும், மத்தியானச் சோறு கைக்கு வந்த நேரத்தில், நாலு மணிக்கு மறுபடியும் டீ, ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இன்னும் இரண்டு டீ. இப்படி ஓடுகிற வயிறு எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? தையல்காரர், கட்டிங் மாஸ்டர், பிசிறு வெட்டும் பெண்கள் என்று எல்லோரும் நெஞ்சுக் குழியில் கையை வைத்துக்கொண்டுதான் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

வயிற்று வலியை எப்படி அளப்பது என்பது டாக்டரம்மாவுக்குப் பெரிய கவலையாக இருந்தது. காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு இருக்கிறது. நெஞ்சு எரிகிறது என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு எரிகிறது என்பதை எதை வைத்துப் பார்ப்பது? போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் கோடு. எண் எழுதினால் படிக்காதவர்களுக்குப் புரியாது என்று கோடாக வைத்தார். கோட்டை நோயாளியின் கண் முன்னால்தான் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதனால் சோற்றை விட்டீர்களா? இதனால் தூக்கத்தை விட்டீர்களா? இதனால் வேலையை விட்டீர்களா? எதையும் விடவில்லை, தொந்தரவு மட்டும் இருக்கிறது என்றால் ஒரு கோடு. மூன்றில் ஒன்றை விட்டிருந்தால் இரண்டு. ஒன்றுக்கு மேல் விட்டிருந்தால் மூன்று. எந்தக் கட்டத்திலாவது மூன்று கோடு விழுந்துவிட்டால் அந்த ஆள் திரைக்கு அந்தப் பக்கம் போவார். டாக்டரம்மா படுக்க வைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்றெல்லாம் கேட்டு, தேவைப்பட்டால் குழாய் விட்டுப் பார்ப்பதற்குக் கோயமுத்தூர் அனுப்புவார். மற்றவர்களுக்கு அவர் எழுதி வைத்திருந்தபடி நானே மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்த அட்டைகளையெல்லாம் கட்டாகக் கட்டி வைத்தால், ஒரு மணிக்குக் கிளம்பும்போது வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். ஒரே ஒரு விதிவிலக்கு. "மலம் கறுப்பாப் போகுதுன்னு யாராவது சொன்னா, கோடு கீடு எதுவும் வேண்டாம் தம்பி. வரிசையும் வேண்டாம். நேரா என்கிட்ட கூட்டிட்டு வந்துடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று அதற்கு அர்த்தம்.

சேர்ந்த புதிதில் கோடு போடுவதை அவரே பக்கத்தில் நின்று கவனிப்பார். ஒருநாள் பிசிறு வெட்டும் அம்மா ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்து ஆள். "கொஞ்சமா வலிக்குதுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கம் வந்தேன், அப்பிடியே காட்டிட்டுப் போலாம்னுங்க" என்றார். சோற்றை விட்டீர்களா என்றால், "அதெல்லாம் ஆகுதுங்க" என்றார். தூக்கம் என்றால், "அது பாட்டுக்கு வருதுங்க" என்றார். டாக்டரம்மா ஒரு கோடு போடச் சொன்னார். அந்த அம்மா மருந்து வாங்கிக்கொண்டு எழுந்தவர் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தார். நாலு நாளாகக் கஞ்சித் தண்ணிதான் குடித்துக்கொண்டிருந்தாராம். சோறு ஆகிறதா என்றால் கஞ்சியும் சோறுதானே என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குத்தான் நான் டாக்டரம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "எங்கூருக்காரங்க அப்பிடித்தானுங்கம்மா. பெரியவங்க முன்னாடி ரொம்ப வலிக்குதுன்னு சொல்றது அவங்களுக்கு மரியாதக் குறைச்சலுங்க. கொஞ்சமே வலிச்சா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாங்க. 'கொஞ்சமுங்க'ன்னா ரெண்டு கோடுங்க. 'என்னமோ அப்பிடி இருக்குதுங்க'ன்னா கண்ண மூடிக்கிட்டு மூணு போட்டுரலாமுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது எனக்குத் தெரியாது தம்பி. நீதான் சரியான ஆளு. இனிமே கோட்டை நீயே பாத்துப் போடு" என்றார். மெட்ராஸில் படித்த டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் சைக்கிளை மிதித்து ஊருக்குப் போகும்போது எதிர்க்காற்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆள் அப்படியே மாறிப்போனேன். கோடு போடுகிறவன் என்றால் பெஞ்சில் ஒரு மரியாதை. "நமக்கு எத்தனைங்க?" என்று எட்டிப் பார்ப்பார்கள். மூன்று விழுந்தால் பெருமூச்சு விடுவார்கள், ஒன்று விழுந்தால் சிரிப்பார்கள். போகப் போக மூன்று கேள்விகளையும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆள் நடந்து வரும் விதம், உட்காரும் விதம், சொல்லும் சொல், இவற்றை வைத்தே போட்டுவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் வினையாகிவிட்டது. நாலு முறை தப்பியிருந்தால் கொஞ்சம் பயம் வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக்குத் தெற்கேயிருந்து ஆட்கள் வண்டி வண்டியாக வர ஆரம்பித்தார்கள். மழை பொய்த்த காடுகளை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்தார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கினார்கள். அவர்கள் பேச்சு எங்கள் காதுக்குச் சண்டை போடுவதுபோல இருக்கும். வலியைச் சொல்வதிலும் அப்படித்தான். "உசுரு போகுது சார்", "கொடலு அறுந்து விழுந்துரும் போல இருக்கு சார்" என்பார்கள். ஒரு தையல்காரர் பெஞ்சில் புரண்டு புரண்டு அழுததைப் பார்த்துப் பதறி, அவரைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டு போனேன். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். ஏப்பம் இரண்டு வந்தது, ஆள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவமானமாகப் போய்விட்டது எனக்கு. எங்கள் ஆட்களுக்குக் கோட்டைக் கூட்டுகிறோம், அப்படியானால் இவர்களுக்குக் கழிக்க வேண்டும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கூட்டுவதை டாக்டரம்மாவிடம் சொல்லிச் செய்தேன். கழிப்பதை யாரிடமும் சொல்லவில்லை. உசுரு போகுது என்றால் ஒரு கோடு. உருண்டு புரண்டால் இரண்டு. இவ்வளவுதான் என் சாஸ்திரம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்வார்களே, அந்த முயலை நான் மூன்று வருஷம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி அந்த அயர்ன் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். பக்கத்துத் தெருக் கம்பெனியில் பனியன் தேய்க்கிற மேஜைக்கு அவர்தான் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை அது. வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். குரல் மட்டும் வெண்கலம். தெருமுனையில் அவர் யாரையாவது கூப்பிட்டால் எங்கள் மருந்து அலமாரியின் கண்ணாடி அதிரும். முதல் முறை வந்தபோதே, "சார், வவுத்துக்குள்ள அடுப்பப் பத்த வச்ச மாதிரி இருக்கு சார்" என்று அவர் சொன்ன சத்தத்தில் பெஞ்சில் இருந்த குழந்தை அழுதது. எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு கோடு போட்டு, வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினேன். இடுப்பு வலிக்காக, வயிற்றைப் புண்ணாக்குகிற மாத்திரையை அவர் மருந்துக் கடையில் தினமும் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடம் அவர் மாதிரியே கத்திக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மறுபடியும் வந்தார். திங்கட்கிழமை என்றால் கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். அவர் வரிசையில் நிற்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்வை வழிந்தது. அயர்ன் மேஜையிலிருந்து வந்தவர்தானே, வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

"சார், முடியல சார். உசுரு போகுது. நேத்துலேருந்து வெளிக்குப் போனா தாரு மாதிரி கருகருன்னு போகுது சார்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் இந்த வார்த்தையை என் காதில்கூடச் சொல்ல மாட்டார்கள், இவர் தெருவுக்கே அறிவிக்கிறாரே என்று எனக்கு ஒரே கூச்சமாகவும் கோபமாகவும் இருந்தது. டாக்டரம்மா முதல் நாள் சொன்னது எனக்கு மறந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. ஆனால் இந்த ஆள் சொல்வதில் எதைத்தான் நம்புவது, இதுவும் அடுப்புப் பத்த வைத்த கதைதான் என்று அதே நொடியில் தள்ளிவிட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், அயர்ன் பொட்டியில கெடந்த கரிய முழுங்கிப் போட்டீங்களாட்டம் இருக்குது?" என்று கேட்டேன்.

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்பில் நானும் சிரித்தேன். அவரும் சிரிக்க முயன்றார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். உதட்டை இழுத்து ஒரு சிரிப்பு. நான் புது அட்டை ஒன்றை எடுத்து வலி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "ஒத்தக் கோடுதானா சார்? நல்லா ரோசனை பண்ணிப் போடுங்க சார்" என்றார். குரல் அப்போது இறங்கியிருந்தது. நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதெல்லாம் சரியாத்தானுங்க போட்டிருக்குது. மருந்த வேளாவேளைக்குக் குடிங்க" என்று பாட்டிலை நீட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் பத்தடியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

நாலு மணி டீ நேரத்தில், தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே மாஸ்டர் ரத்தமாக வாந்தி எடுத்தார். கம்பெனி சூப்பர்வைசர் சைக்கிளில் பறந்து வந்து சொன்னார். கிளினிக்குக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து டாக்டரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். சரக்கு ஏற்றும் வேனில், பனியன் மூட்டைகளின் மேல் அவரைப் படுக்க வைத்து, டாக்டரம்மாவும் கூடவே ஏறிக்கொண்டு கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேன் தெருவைத் திரும்பியதும் நான் கிளினிக்குக்குள் வந்தேன். யாரும் இல்லை. மத்தியானம் கையெழுத்தான அட்டைக் கட்டு மேஜை மேலேயே இருந்தது.

அவர் பிழைப்பாரா என்று அந்த நேரத்தில் நான் நினைத்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். நான் நினைத்தது அட்டையைப் பற்றி மட்டும். கட்டைப் பிரித்து அவருடையதை எடுத்தேன். ஒற்றைக் கோடு. அதன் கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து. பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன். இரண்டே இரண்டு. காலையில் எழுதிய அதே பேனா, அதே மை, நல்லவேளை என்றுகூட நினைத்தேன். என் மேல் தப்பு வரக்கூடாது, வேலை போகக்கூடாது, இவ்வளவுதான் மனசில் இருந்தது. அந்த இரண்டு கோடு யார் தலையில் போய் விழும் என்று யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா பஸ்ஸில் திரும்பி வந்தார். சேலை ஓரத்தில் ரத்தக் கறை காய்ந்திருந்தது. ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள் என்றார். உட்காராமலே அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். டியூப் லைட்டின் கீழே போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நீ சரியாத்தான் போட்டிருக்க தம்பி. மூணு கோடு. இது எப்படி அந்தக் கட்டுக்குள்ள போச்சு? நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "திங்கக்கெழமை கூட்டமுங்கம்மா. எப்பிடியோ கலந்திருச்சுங்க. நீங்க மனச விட்றாதீங்க" என்றேன். ஆறுதல் சொன்னேன்! அவர் செய்யாத தப்புக்கு அவரை நான் பெரிய மனதோடு மன்னித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஊருக்கே திரும்பிப் போகிறோம், அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றார் அவர் மனைவி. இனி அவரால் மேஜைக்கு முன்னால் நிற்க முடியாது. டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். பிறகு எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க அட்டையில இந்தத் தம்பி மூணு கோடு போட்டு வச்சிருந்தார். நான்தான் அதைப் பாக்காம விட்டுட்டேன். பாத்திருந்தா அன்னிக்கே உங்களைக் கோயமுத்தூர் அனுப்பியிருப்பேன். வயித்தைக் காப்பாத்தியிருக்கலாம். என் மேலதான் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தார். அட்டை மேஜை மேல் இருந்தது. அதை எட்டிப் பார்த்தார். மூன்று கோடு. என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு ஒற்றைக் கோடுதானா என்று குனிந்து பார்த்துக் கேட்டவர் அவர். அவருக்குத் தெரியாதா? நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா விடவில்லை. "மலம் கறுப்பாப் போயிருக்குமே, அதை இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்லம்மா. நாலு பேரு உக்காந்துருந்தாங்க. வெக்கமா இருந்துச்சு. சொல்லல" என்றார் மாஸ்டர்.

அவர் மனைவி பக்கென்று திரும்பினார். "இந்த மனுசன் வெக்கப்பட்டாராம்மா? பத்து நாளா சோறு இல்ல, உக்காந்தமேனிக்கே தூங்குவாரு. வீட்டுல கத்துன கத்துக்குத் தெருவே கூடிரும். இங்க வந்து வாயத் தொறக்கலையாக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கத்திக்கொண்டே இருப்பார் என்று நான் ஏளனம் செய்த மனிதர், எனக்காக, தன் மனைவியின் முன்னால் வாயில்லாத ஆளாகிப்போனார். சோற்றையும் விட்டார், தூக்கத்தையும் விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க அலமாரிக்கு வந்தேன். பின்னாலேயே வந்தார். அவர் மனைவி உள்ளே டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "சின்ன வயசு சார் ஒங்களுக்கு. பொழப்பு போயிரும்ல" என்றார். கையை நீட்டினார். நான் மாத்திரைப் பொட்டலத்தை வைத்தேன். அவர் காலில் விழுந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் கையையாவது பிடித்திருக்க வேண்டும். நான் அவர் தோளுக்கு மேலாகப் பெஞ்சைப் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்று கூப்பிட்டேன்.

அதன் பிறகு டாக்டரம்மா கட்டுக் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டார். ஒரு கோடு வாங்கியவரையும் திரைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணிக்கு முடிகிற கிளினிக் மூன்று, மூன்றரை வரை ஓடியது. மத்தியானச் சாப்பாடு ஆறி அவலாகிக் கிடக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நாலு மணிக்கு நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். அவருக்கே நெஞ்செரிச்சல் வந்தது. "நான் ஒரு தடவை பாக்காம விட்டதுக்கு ஒருத்தர் பாதி வயித்தோட ஊருக்குப் போனாரு. எனக்கு இது போதாது" என்று சொல்லுவார். புதிதாக வருகிற நர்ஸ்களிடம் என்னைக் காட்டி, "கோடு போடறதுன்னா இவர்கிட்ட கத்துக்கங்க. இவர் போட்டது தப்பாது. நான்தான் ஒரு தடவை தப்பிட்டேன்" என்பார். அதை ஏழு வருஷம் நின்று கேட்டேன். நான் மூன்று கேள்விகளையும் ஒருவர் விடாமல் கேட்க ஆரம்பித்தேன், எந்த ஊர்க்காரர் என்றாலும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது திருந்தியது என்று ஆகாது. திருடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு படுப்பது மாதிரிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டரம்மாவின் கணவருக்கு ஓய்வு வந்தது. மெட்ராஸுக்கே போவதென்று முடிவாயிற்று. கிளினிக்கைக் காலி செய்தோம். மூட்டை மூட்டையாக அட்டைகள். எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத் தன் கைப்பையில் வைத்திருந்தார். எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதை அவர் மெட்ராஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. மருந்து வாசனை போகாத காலி அறையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தார் மாதிரி என்று மாஸ்டர் சொன்னதை, நான் செய்த கேலியை, ஒற்றைக் கோட்டை, பின்னால் சேர்த்த இரண்டை, எல்லாவற்றையும்.

திட்டுவார், அடித்தால்கூடத் தேவலை என்று நின்றேன். அவர் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று கோட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த மாஸ்டருக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்கம்மா. அன்னிக்கே தெரியும். எனக்காகத்தான் பொய் சொன்னாருங்க."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"இல்லீங்கம்மா."

"ஏழு வருஷத்துல ஒரு கடுதாசி?"

"இல்லீங்க."

அட்டையை என் கையில் கொடுத்தார். "வயித்தைக் குடுத்தவர் அவர். நீ என்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற?" என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. வண்டி கிளம்பும்போது மற்ற எல்லோருக்கும் கையசைத்தார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அப்போதே இருந்தது. டாக்டரம்மா படித்தவர், பெரியவர், அவர் மன்னித்தால் அது மன்னிப்பு என்று நினைத்தேன். தேய்க்கிற மேஜைக்காரர் மன்னித்ததை நான் மன்னிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அட்டையில் ஆளைப் பார்த்து ஒரு கோடு போட்டேனே, அதே கையால்தான் இதையும் அளந்திருக்கிறேன்.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் எனக்கே வயிற்றில் தொந்தரவு வந்து, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம்பெண் ஒருத்தி கையில் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, "பத்துக்கு எவ்வளவு வலிக்குது அங்கிள்?" என்று கேட்டாள். எனக்குப் பக்கத்தில் வடக்கேயிருந்து வந்த பையன் ஒருவன், சாயப் பட்டறையில் வேலை செய்கிறவன், இந்தியில் அலறிக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் மாதிரி இருந்த ஒருவர் அவனைப் பார்த்து, "இவனுங்க எப்பவுமே இப்படித்தான்" என்றார். எழுந்து அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. என் எண்ணைச் சொல்லிவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது. மாஸ்டரின் ஊர்ப் பெயர் அதன் மேல் என் கையெழுத்தில், என் அழகான கையெழுத்தில், எழுதியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தப் பக்கம் தினமும் வண்டி போகிறது. ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். அவர் இருக்கிறாரோ இல்லையோ, அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். இதோ இப்போது, முன்பின் தெரியாத உங்களிடமும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.